நீங்கள் படித்துவிட்டீர்கள், நன்றி

கணினியில் ஒரு மென்பொருளை நிறுவி முடித்ததும், இனி என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யாமல் விட்டால் குடி முழுகும் என்று ஒரு குறிப்பு வருமல்லவா, அந்தக் குறிப்பை எப்படி எழுதுவது, பயனருக்கு எப்படிக் காட்டுவது என்று முடிவெடுப்பதற்காகவே ஒரு வாரியம் இருந்தது. ‘நிறுவலுக்குப் பிந்தைய ஆவணங்கள் வழங்கல் முறைப்படுத்தும் மைய வாரியம்’ என்பது அதன் முழுப்பெயர். பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளமாகிப் போனதால் கடைசிச் சொல்லைப் பக்கத்துக் கட்டடத்துச் சுவரில் எழுதியிருந்தார்கள். அது ஒரு பல் மருத்துவமனை. அங்கே பல் பிடுங்கிக்கொள்ள வந்தவர்கள் சிலர் ‘வாரியம்’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, வலியே தேவலை என்று திரும்பிப் போனதுண்டு. வாயில் நுழையாத அந்தப் பெயரை விட்டுவிட்டு, பின்குறிப்பு வாரியம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

மேசை அக்காவுக்கு அந்த வாரியத்தின் மேல் தனி மரியாதை. அவள் தம்பி அங்கே வேலை பார்த்தான்.

மேசை அக்கா என்பது பிராணிகள் மருத்துவமனையில் அவளுக்கு விழுந்த பெயர். வாசலுக்கு நேரே போட்ட மேசையில் உட்கார்ந்து, நாய்க்கும் பூனைக்கும் கிளிக்கும் முறை போட்டு உள்ளே அனுப்புவது அவள் வேலை. நாய்கள் பூனைகளைப் பார்த்துக் குரைக்கும். பூனைகளை வைத்திருப்பவர்கள் நாய்களை வைத்திருப்பவர்களைப் பார்த்து முறைப்பார்கள். இரண்டு தரப்பையும் ஒரே அறையில் சண்டையில்லாமல் உட்கார வைப்பதற்கு அவளை விட்டால் ஆளில்லை என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். சம்பளம் உயர்த்தச் சொல்லிக் கேட்கும்போதெல்லாம் அதைச் சொல்வார்.

அம்மா போனபிறகு தம்பியைத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவள் அவள்தான். அவன் படிப்பு முடியட்டும் என்று தன் படிப்பை நிறுத்திக்கொண்டாள். அவனுக்கு வாரியத்தில் எழுத்துப் பிரிவில் வேலை கிடைத்த அன்று, மருத்துவமனைக்கு வந்த ஆமைக்காரரைக்கூட நிறுத்தி வைத்துச் சொன்னாள். ஆமைக்காரருக்கு அவசரமில்லை, முழுவதும் கேட்டுவிட்டுப் போனார்.

சிகிச்சை முடிந்த பிராணிகளின் சொந்தக்காரர்களுக்குச் செய்தி அனுப்பும் மென்பொருள் ஒன்று அந்த மருத்துவமனையில் இருந்தது. ‘உங்கள் செல்லம் தயார். உங்களுக்காகக் காத்திருக்கிறது. வந்து அழைத்துச் செல்லுங்கள்’ என்று அது அனுப்பும். அதற்குப் புதிய பதிப்பு வந்தது. டாக்டர் வெளியாளைக் கூப்பிடலாம் என்றார்.

“வெளியாள் எதுக்கு டாக்டர்? என் தம்பி வாரியத்துலயே இருக்கான். அவன் பார்த்துக்குவான்” என்றாள் மேசை அக்கா. அவள் குரலில் இருந்த பெருமையைப் பார்த்து டாக்டர் சரியென்றார்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து தட்டத் தொடங்கினான். பச்சைக் கோடு ஒன்று ஊர்ந்துகொண்டே போய்க் கடைசியில் முட்டி நின்றது. உடனே ஒரு பெட்டி எழும்பியது. ‘முக்கியம்’ என்ற சொல் மட்டும் அவள் கண்ணில் பட்டது. அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் தம்பி ஒரு விசையைத் தட்டினான். பெட்டி மறைந்தது.

“என்னடா அது? முக்கியம்னு ஏதோ வந்துச்சே.”

“அது வழக்கமா வர்றதுக்கா. யாரும் படிக்க மாட்டாங்க.”

“படிச்சுட்டுப் போகலாமேடா.”

“அக்கா, நான் அங்கேயேதானே இருக்கேன்? எனக்குத் தெரியாததா?”

தம்பியே சொன்னபிறகு அதற்குமேல் பேச்சேது? காப்பி கலந்து கொடுத்தாள். அவன் குடித்துவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை காலை கதவைத் திறக்கும்போதே வாசலில் கூட்டம். முதலில் நின்றவர் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். கையில் கழுத்துப்பட்டையும் சங்கிலியும் இருந்தன. நாய் இல்லை. அவருடைய நாய் போன மழைக்காலத்தில் இறந்துபோனது. இந்த அறையில்தான், இதே மேசை அக்காதான் அவருக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தாள்.

“தப்பாத்தான் வந்திருக்கும்னு தெரியும்மா” என்றார் அவர். “இருந்தாலும் காத்திருக்குன்னு போட்டிருந்துச்சு. வராம இருக்க முடியல.”

மேசை அக்கா அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். ஒரு பெண், வெறும் கூடையோடு நின்றாள். அவளுடைய பூனையும் உயிரோடு இல்லை. அவளுக்கும் பின்னால் ஒரு தாயும் சின்ன மகளும். “வெள்ளையன் திரும்பி வந்துட்டானா?” என்று மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். தாய் மேசை அக்காவைப் பார்த்த பார்வையை அவள் ஆயுளுக்கும் மறக்க மாட்டாள்.

கூட்டத்தை இடித்துக்கொண்டு கறிக்கடைக்காரர் முன்னால் வந்தார். “ஏம்மா, குளம்பு புண்ணுன்னு கொண்டாந்தேனே, அந்த ஆடு இங்க காத்திருக்குன்னு செய்தி வந்திருக்கு. அதை நானே வெட்டி நானே வித்துட்டேனே! அப்ப நான் வித்தது யாரோட ஆடு?”

மருத்துவமனை தொடங்கிய நாளிலிருந்து அங்கே வந்துபோன எல்லாப் பிராணிகளின் சொந்தக்காரர்களுக்கும் செய்தி போயிருந்தது. செத்தவை, தொலைந்தவை, கூண்டைத் திறந்துகொண்டு பறந்தவை, ஒன்றுவிடவில்லை. அன்று முழுக்க மேசை அக்கா மன்னிப்புக் கேட்டாள். சிலர் திட்டினார்கள். சிலர் அழுதார்கள். திட்டியவர்களே தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

தம்பிக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. வாரியத்தின் உதவி எண்ணுக்குச் செய்தாள். ஒரு குரல் பொறுமையாகப் பேசியது.

“நிறுவினதும் செய்ய வேண்டியது எல்லாம் ஆவணத்துல தெளிவா இருக்குங்க.”

“ஆவணம் எங்க இருக்கு?”

“உங்க கணினியிலதான்.”

“கணினியில எங்க?”

“அது ஆவணத்துல இருக்குங்க.”

மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு மேசை அக்கா மறுபடி கேட்டாள். ஆவணத்தைச் சுருக்கிக் கட்டி உள்ளே வைத்திருப்பதாகவும், கட்டை அவிழ்க்க வேறொரு மென்பொருளை நிறுவ வேண்டும் என்றும், அதை நிறுவிய பிறகு அதற்கான பிந்தைய ஆவணத்தை அவசியம் படிக்க வேண்டும் என்றும் குரல் சொன்னது. அதுவும் சுருக்கித்தான் கட்டப்பட்டிருக்கும் என்று, மறைக்காமல், முன்கூட்டியே சொல்லிவிட்டது.

புகார்கள் குவிந்தன. டாக்டர் அவளை உள்ளே கூப்பிட்டார்.

“உன்மேல எனக்கு நம்பிக்கை இருக்கு” என்று ஆரம்பித்தார். அப்படி ஆரம்பிக்கிற பேச்சு எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும். “வாரியம் விசாரிக்கப் போகுதாம். குறிப்பு சரியாக் காட்டப்படலைன்னு அவங்க சொல்லிட்டா ஒண்ணும் பிரச்சினையில்ல. நம்ம பக்கம்தான் தப்புன்னு சொல்லிட்டாங்கன்னா, ஜனங்களுக்கு நான் ஏதாவது பதில் சொல்லியாகணும். புரியுதா?”

“புரியுது டாக்டர். என் தம்பி அங்கேதான் இருக்கான். நடந்ததை நடந்தபடி சொல்லுவான்.”

விசாரணை நாளன்று நல்ல புடவை கட்டிக்கொண்டு போனாள். எந்த அறை எங்கே இருக்கிறது என்று சொல்லும் பலகையை வாரியத்தில் வெளியேறும் வாசலில் மாட்டியிருந்தார்கள். உள்ளே சுற்றிச் சுற்றி, வெளியே வந்து, பலகையைப் படித்து, மறுபடி உள்ளே போனாள். இது நடைமுறைதான் என்றார் காவலாளி. உள்ளே வந்து முடித்த பிறகு படிக்க வேண்டிய பலகையாம் அது.

கூட்ட அறையில் நீள மேசை. தலைவர் நடுவில். ஒரு பக்கம் நேரப் பிரிவு அதிகாரி, மறுபக்கம் இடப் பிரிவு அதிகாரி. குறிப்பை எவ்வளவு நேரம் காட்டுவது என்பது ஒருவர் பொறுப்பு. எங்கே காட்டுவது என்பது மற்றவர் பொறுப்பு. இருவருக்கும் பல வருடங்களாகப் பேச்சுவார்த்தை கிடையாது. எல்லோருக்கும் சுழல் நாற்காலி இருந்தது. பயனர் என்று ஒருவர் வருவார் என்று யாரும் எதிர்பார்த்திராததால் அவளுக்கு மட்டும் நாற்காலி இல்லை. காவலாளியின் முக்காலியைக் கொண்டுவந்து போட்டார்கள்.

இடப் பிரிவு அதிகாரி கண்ணாடியை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தார். “இவங்கதான் பயனரா?”

“ஆமாங்க” என்றாள்.

“நான் பார்த்ததே இல்ல. கொஞ்சம் எழுந்து நில்லுங்க.”

எழுந்து நின்றாள். எல்லோரும் பார்த்தார்கள். நன்றாகத்தான் இருக்கிறது என்பதுபோல் ஒருவர் தலையசைத்தார். உட்கார்ந்தாள்.

முதலில் அந்தக் குறிப்பைப் படித்துக் காட்டினார்கள். எழுத்தர் எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்: “நிறுவல் நிறைவுற்ற நிலையில் முன்நிலைச் செய்திவரிசை வெறுமைப்படுத்தப்படாதிருக்கும் பட்சத்தில், அவ்வரிசைக்கண் உள்ளடங்கியவை யாவும் மீள்விடுவிப்புக்கு உட்படுதல் விலக்கப்பட்டதாகக் கொள்ளப்படலாகாது.”

“அப்படின்னா என்னங்க?” என்றாள் மேசை அக்கா.

எழுத்தர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கூரையைப் பார்த்தார். கடைசியில் எழுத்தரே தாழ்ந்த குரலில் சொன்னார்: “பழைய செய்தியெல்லாம் அழிச்சிடுங்க, இல்லன்னா எல்லாருக்கும் திரும்பப் போயிடும்னு அர்த்தம்.”

“அதையே எழுதியிருக்கலாமே?”

“எழுதியிருந்தா புரிஞ்சிருக்குமே” என்றார் இடப் பிரிவு அதிகாரி.

நேரப் பிரிவு அதிகாரி எழுந்தார். அவருக்குப் பேசப் பிடிக்கும். “இங்க ஒரு உண்மையச் சொல்லணும். ஆரம்பத்துல குறிப்பை ரொம்ப நேரம் காட்டிக்கிட்டிருந்தோம். என்னாச்சு? பயனர் படிச்சார். படிச்சவருக்குச் சந்தேகம் வந்துச்சு. சந்தேகம் வந்தவர் போன் பண்ணினார். போன் எடுக்க எங்களுக்கு ஆளில்ல. அதனால நேரத்தைக் குறைச்சோம். இன்னும் குறைச்சோம். இப்ப கண் சிமிட்டுறதுக்குள்ள போயிடும். சந்தேகம்னு ஒருத்தர் கூப்பிடுறதில்ல. மக்களுக்கு இவ்வளவு தெளிவு எந்தக் காலத்துலயும் இருந்ததில்லைன்னு பெருமையாச் சொல்வேன்.”

இடப் பிரிவு அதிகாரி மேசையைத் தட்டினார். “திரையில காட்டுறதே தப்பு! காட்டினா அது விளம்பரம். உள்ள வெச்சாத்தான் அது ஆவணம். ஆவணத்துக்குன்னு ஒரு கண்ணியம் வேண்டாமா? கடைத்தெருவுல நிக்கிற மாதிரி கண்டவங்க முன்னாடி வந்து நிக்கணுமா?”

“உள்ள இருக்குன்னு எங்களுக்கு எப்படிங்க தெரியும்?” என்றாள் மேசை அக்கா.

“தேடினா கிடைக்கும்.”

“இருக்குன்னே தெரியாதவங்க எப்படித் தேடுவாங்க?”

அவர் அவளைக் கருணையோடு பார்த்தார். “தெரிஞ்சவங்களுக்காகத்தாம்மா அதை வெச்சிருக்கோம்.”

தலைவர் கையைத் தூக்கினார். அறை அமைதியானது. “ஆவணம் படிக்கிறதுக்குன்னு வெளியில ஒரு தப்பான எண்ணம் இருக்கு. படிக்கிறதுக்குக் கதைப்புத்தகம் இருக்கு. ஆவணம் இருக்கிறதுக்காக இருக்கிறது. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, ‘இருந்துச்சே’ன்னு சொல்றதுக்கு. நான் பொறுப்பேத்ததுக்கு அப்புறம், ‘எனக்குக் காட்டல’ன்னு ஒரு பயனரால கூட நிரூபிக்க முடிஞ்சதில்ல. இதைவிட ஒரு நிர்வாகம் என்ன சாதிக்கணும்?”

பலத்த கைதட்டல். எதற்கென்று புரியாமல் மேசை அக்காவும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

“நிறுவல் சாட்சியைக் கூப்பிடுங்க” என்றார் தலைவர்.

கதவு திறந்தது. தம்பி உள்ளே வந்தான். அவளுக்கு உயிர் வந்தது. புதுச் சட்டை போட்டிருந்தான். காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. எழுந்து போய்ச் சரிசெய்யக் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டாள். போன் எடுக்காததெல்லாம் இதற்குத்தான், விசாரணைக்கு முன்னால் பேசக்கூடாது என்று ஏதாவது விதி இருக்கும் என்று தனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டாள். அவன் அவள் பக்கம் திரும்பவில்லை.

“நிறுவும்போது பயனர் திரைக்கு முன்னால இருந்தாரா?” என்று கேட்டார் தலைவர்.

“இருந்தார்.”

“குறிப்பு திரையில் தோன்றியதா?”

“தோன்றியது.”

“பயனர் அதைப் பார்த்தாரா?”

தம்பி கொஞ்சம் தயங்கினான். “பார்த்தார்.”

“பார்த்தார்னு எப்படிச் சொல்றீங்க?”

“அதைப் பற்றி விசாரித்தார். ‘முக்கியம்னு ஏதோ வந்துச்சே’ என்று கேட்டார்.”

அறை முழுவதும் ஒரு பெருமூச்சு கிளம்பியது. நேரப் பிரிவும் இடப் பிரிவும் பல வருடங்களுக்குப் பிறகு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். “முக்கியம் என்பதையும் அறிந்திருந்தார்” என்று தலைவர் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதினார்.

மேசை அக்கா முக்காலியை விட்டு எழுந்துவிட்டாள். “நான் கேட்டதுக்கு அவன் என்ன சொன்னான்னு கேளுங்க! டேய், சொல்லுடா. படிச்சுட்டுப் போகலாமேன்னு நான் சொன்னேனா இல்லையா? நீ என்ன சொன்ன?”

தம்பி மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“பயனர் கேட்ட கேள்வி நிறுவலோடு சம்பந்தப்பட்டது” என்றார் தலைவர். “சாட்சி சொன்ன பதில் குடும்ப விஷயம். குடும்ப விஷயத்தில் வாரியம் தலையிடாது. சாட்சி, இதில் நீங்கள் ஏதாவது சேர்க்க வேண்டுமா?”

அவன் வாயைத் திறந்தான். ஒரு கணம், தலைவாரிவிடும்போது முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்பானே, அந்தப் பையன் மாதிரி இருந்தான். பிறகு சொன்னான்: “பயனர் சொல்வதில் சேர்க்க எனக்கு எதுவுமில்லை.”

அக்கா என்று சொல்லவில்லை. அவன் சொன்ன எதிலும் பொய் இல்லை என்பதுதான் அவளை உட்கார வைத்தது. பொய்யாக இருந்திருந்தால் அவள் கத்தியிருப்பாள்.

அன்றே தீர்ப்பும் வந்தது. ஆவணம் முறைப்படி காட்டப்பட்டது. பயனர் முறைப்படி பார்த்தார். பார்த்ததன்படி நடக்காதது பயனரின் தனிப்பட்ட விருப்பம். இனி இப்படி வீண் விசாரணைகள் வராதிருக்கப் புதிய விதி ஒன்றையும் இயற்றினார்கள். நேரமும் இடமும் இனி ஒரு தகராறே இல்லை. நிறுவல் முடிந்ததும் திரை முழுக்க, பெரிய எழுத்தில், பயனர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கும்படி ஒரே ஒரு வரி நிற்கும்: ‘நீங்கள் படித்துவிட்டீர்கள், நன்றி.’ படிக்க வேண்டியது அதன் பின்னால் எங்கேயாவது இருந்துகொள்ளும். இப்படியொரு எளிமையை இத்தனை நாள் யோசிக்காமல் போனோமே என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கண்கலங்கினார்.

டாக்டர் மறுநாள் அவளை உட்காரச் சொன்னார். “வாரியமே சொல்லிடுச்சேம்மா” என்றார். இந்த மாதக் கடைசி வரை இருக்கலாம் என்றார்.

அவள் மாதக் கடைசி வரை இருந்தாள். எவ்வளவு வேலை இருந்தாலும், ஓய்வு கிடைக்கிற நேரமெல்லாம் செத்துப்போன பிராணிகளின் வீடுகளுக்குப் போன் செய்தாள். யாரும் செய்யச் சொல்லவில்லை. “அன்னைக்கு வந்த செய்தி தப்பா வந்துடுச்சுங்க. உங்களைக் கஷ்டப்படுத்திட்டோம்” என்பாள். சிலர் சட்டென்று வைத்துவிட்டார்கள். ரயில் ஓட்டுநர் மட்டும் நெடுநேரம் பேசினார். அந்தச் செய்தியைத் தான் இன்னும் அழிக்கவில்லை என்றார். “அழிச்சிடுங்க சார்” என்றாள். “நீ சொன்னா அழிச்சிடறேம்மா” என்றார். அழித்திருக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

மேசையைக் காலி செய்த வாரம் ஒருநாள் சாயங்காலம் தம்பி வீட்டுக்கு வந்தான். பழம் வாங்கி வந்திருந்தான். பதவி உயர்வு கிடைத்திருக்கிறது என்றான். எழுத்துப் பிரிவுக்கே அவன்தான் இனி பொறுப்பாம். அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“கோவமாக்கா?”

அவள் ஒரு துண்டை உதறி மடித்தாள்.

“அன்னைக்கு நான் வேற மாதிரி சொல்லியிருந்தா என் வேலை போயிருக்கும்க்கா. உன் வேலைன்னா, வேற எங்கேயாவது பார்த்துக்கலாம். என் வேலை அப்படியா? நீயே யோசிச்சுப் பாரு. நான் நல்லா இருக்கணும்னுதானே நீ இவ்வளவு பாடுபட்ட?”

ஒரு தலையணை உறையை மடித்து வைத்தாள். பிறகு, பல நாளாக மனசில் கிடந்ததைக் கேட்டாள்.

“ஒண்ணு மட்டும் சொல்லு. அன்னைக்கு அந்தப் பெட்டி வந்தப்ப, உள்ள என்ன இருந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா? நீயும் என்னை மாதிரி தெரியாமத்தான் தட்டினியா?”

தெரியாது என்று அவன் சொல்லிவிட வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். தெரியாமல் செய்தவனை மன்னித்துவிடலாம். மன்னிப்பதற்குத் தயாராகத்தான் இருந்தாள்.

தம்பி நகத்தைக் கடித்தான். இங்கே எழுத்தர் இல்லை, தலைவர் இல்லை. அக்காவிடம் உண்மையைச் சொல்வதில் ஆபத்து ஒன்றும் இல்லை என்று நினைத்தானோ என்னவோ.

“அந்தக் குறிப்பை நான்தானே அக்கா எழுதினேன்” என்றான். “முதல்ல புரியுற மாதிரிதான் எழுதிக் கொடுத்தேன். மூணு தடவை திருப்பி அனுப்பினாங்க. அப்புறம்தான் அப்படி எழுதினேன். அன்னைக்கு உன் மேசையில உட்கார்ந்தப்ப ஞாபகம்கூட வந்துச்சு. வரிசையைக் காலி பண்ணணும்னு. ஆனா பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு. ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்.”

அடுத்த வீட்டில் யாரோ குழாயைத் திறந்து வாளியில் தண்ணீர் பிடித்தார்கள். வாளி நிரம்பி வழிகிற சத்தம்வரை கேட்டது.

அவன் எழுந்தான். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, “போயிட்டு வரேன்க்கா” என்றான்.

பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதும், பரீட்சைக்குப் போகும்போதும், முதல்நாள் வேலைக்குப் போகும்போதும் அவன் அப்படித்தான் சொல்வான். ‘போயிட்டு வா’ என்று அவளும் சொல்வாள்.

“போ” என்றாள்.

அவன் படியிறங்கவில்லை. மீதிச் சொல்லுக்காகக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.